போதகர் வரும்வரை காத்திராதீர்கள்: செட்டிநாட்டில் குடியேறும் விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

கோட்டையூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு வியாழக்கிழமை பின்னிரவு ஒன்றரை மணிக்கு என் தாயார் காலமானார். எங்கள் போதகருக்கு ஆறு ஊர்களின் ஆலயங்கள் பொறுப்பில் இருந்தன. அன்று அவர் கடைசி ஊரில் தங்கியிருந்தார். செய்தி கேட்டதும் புறப்பட்டும், வந்து சேரப் பகல் பதினொரு மணி ஆயிற்று. இடையிலிருந்த ஒன்பதரை மணி நேரமும் அந்த வீட்டில் ஒருவரும் வேதாகமத்தைத் திறக்கவில்லை. நான் திடப்படுத்தல் பெற்றவன், அதாவது சபையின் முழு உறுப்பினனாக ஏற்கப்பட்டவன். தூத்துக்குடியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியனாக இருந்தவன். "அண்ணே, ஒரு சங்கீதமாவது வாசிங்களேன்" என்று என் தங்கை இரண்டு முறை கேட்டாள். "ஐயா வரட்டும்" என்று இரண்டு முறையும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கடைசியாகச் செய்திருக்க வேண்டிய ஊழியத்தை, அது எனக்குரியது அல்ல என்று எண்ணி, நான் செய்யாமல் விட்டேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வங்கி, கல்லூரி, இரயில்வே வேலைகளுக்காகக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் எனக் குடிவருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் ஆலய மணி கேட்கும் தூரத்தில் போதகர் இருப்பார். இங்கே சபைகள் சிறியவை, ஊர்கள் பரந்தவை. பல ஆலயங்களில் போதகர் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுதான் ஆராதனை நடத்த முடியும். மற்ற நாட்களில் ஆசாரியப் பணியைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

1. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்

புதிய ஏற்பாட்டில் "ஆசாரியன்" என்ற சொல் சபை ஊழியர் எவருக்கும் பதவிப் பெயராக வருவதில்லை. ஊழியர்களுக்கு அங்கே மூப்பர், கண்காணி, உதவிக்காரர் என்ற பெயர்களே உண்டு. பிரதான ஆசாரியர் கிறிஸ்து ஒருவரே. அவருக்குப் பின் அந்தப் பெயர் சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்று பேதுரு எழுதியது (1 பேதுரு 2:9) குருமாருக்கு அல்ல, பல நாடுகளில் சிதறி வாழ்ந்த சாதாரண விசுவாசிகளுக்கு. சொந்த ஊரை விட்டு வந்து அந்நியராக இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் அது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆசாரியன் செய்த வேலைகளில் முதன்மையானவை பலி செலுத்துவது, ஜனங்களுக்காக வேண்டுவது, தேவனுடைய வார்த்தையைச் சொல்லி ஆசீர்வதிப்பது ஆகியவை. பாவத்துக்கான பலி சிலுவையில் ஒரேதரம் செலுத்தப்பட்டு முடிந்தது. அதில் நாம் சேர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. எஞ்சியிருப்பவை எபிரெயர் 13:15, 16 வசனங்கள் சொல்லும் ஸ்தோத்திரபலியும் நன்மை செய்தலும், ரோமர் 12:1 கேட்கும் ஜீவபலியாகிய நம் சரீரமும் ஆகும். பிறருக்காக ஜெபிப்பதற்கும் வேதத்தை வாசித்து ஆறுதல் சொல்வதற்கும் இந்த ஆசாரியத்துவமே போதும், அதற்கெனத் தனி அங்கி தேவையில்லை. எபிரெயர் 4:16 "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே" சேர அழைப்பது விசுவாசிகள் எல்லாரையும்தான்.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 10ஆம் எண், திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரிய பொதுக் குருத்துவத்தை ஏற்கிறது. ஆனால் குருக்களின் பணிக் குருத்துவம் அதிலிருந்து அளவில் மட்டுமன்றி இயல்பிலேயே வேறுபட்டது என்றும் சொல்கிறது. ஆகையால் கீழே நான் சொல்லும் வீட்டு ஜெபத்தை உங்கள் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தோடு இணைத்துக்கொள்வதே முறை.

2. வந்த முதல் மாதத்திலேயே சபையில் பெயரைப் பதியுங்கள்

இந்தப் படியைச் செய்யாமல் விட்டதால் நான் பட்ட துன்பத்தைப் பின்னர் சொல்கிறேன். சொந்த ஊரை விட்டுப் புறப்படும்போதே பழைய சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதனோடு குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் பெற்றவர்களுக்கு அதற்கான சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கடைசியாகச் சந்தா கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். முதியோர் உடன் இருந்தால் அவர்களுடைய கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். "அம்மா எங்களோடு இருக்கிறார்" என்று சொல்வது பதிவேட்டில் ஏறாது.

புறப்படுவதற்கு முன் கேட்டால் கடிதம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வந்த பிறகு தொலைபேசியில் கேட்டுப் பெற எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. இதற்குக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. பழைய சந்தா பாக்கி இருந்தால் அதைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

3. எதை நீங்கள் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று போதகரிடம் நேரில் கேளுங்கள்

எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்பதனால் எல்லாரும் எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்ட ஒரு வீட்டுக்கூட்டம் ஓர் ஆண்டுக்குள் இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். சபை சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து அபிஷேகம் செய்து ஒழுங்கான பொறுப்பைக் கொடுக்கிறது. அந்த ஒழுங்குக்கு நாம் கட்டுப்படுகிறோம்.

ஜெபம், வேதவாசிப்பு, பாடல், சாட்சி, நோயாளியைச் சந்தித்தல், துக்க வீட்டில் ஆறுதல், பிள்ளைகளுக்குப் போதித்தல் ஆகியவற்றுக்கு எந்தச் சபையிலும் தடை இராது. பிரசங்கம் செய்யவும் ஞாயிறு ஆராதனை நடத்தவும் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் போன்ற சபைகளில் போதகரின் சம்மதம் வேண்டும். அப்படி நடத்தும்போது முடிவில் ஆசீர்வாதத்தை "உங்களோடு" என்று கையுயர்த்திச் சொல்லாமல் "நம் அனைவரோடும்" என்று சொல்வதே வழக்கம். நான் முதன்முறை தவறாகச் சொல்லி, ஒரு பெரியவர் வருந்தும்படி செய்துவிட்டேன். திருவிருந்து அந்தச் சபைகளில் அபிஷேகம் பெற்றவருடைய பொறுப்பு. சகோதரர் சபைகளில் நடைமுறை வேறு.

குழந்தை மரணத் தறுவாயில் இருந்து போதகர் எட்டாத நிலையில், குழந்தை ஞானஸ்நானம் உள்ள சபைகள் எந்த விசுவாசியும் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுப்பதை ஏற்கின்றன. நாள், நேரம், கொடுத்தவர் பெயர், உடனிருந்த இரண்டு சாட்சிகள் ஆகியவற்றை எழுதி வைத்து, போதகரிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

திருமணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், திருமணத்தை நடத்தி வைக்கத் தகுதியுடையவர் யார் என்று வரையறுக்கிறது. உரிமமோ தகுதியோ இல்லாத ஒருவர், எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும், நடத்தி வைத்தால் தம்பதியர் கடவுச்சீட்டுக்கும் சொத்துக்கும் அலைய நேரும். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டியிருப்பதால் நாள் குறிப்பதற்கு முன்பே போதகரைப் பாருங்கள். ஆலயத்தில் நடந்த திருமணத்தையும் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

4. வீட்டு உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள்

இங்கே வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் பல, பெரிய நகரத்தார் வீடுகளின் ஒரு பகுதியாக இருக்கும். எங்களுக்குப் பின்பகுதியான இரண்டாங்கட்டில் நான்கு அறைகள் கிடைத்தன. முகப்பும், முற்றமுள்ள வளவும் உரிமையாளருடையவை. வீட்டில் ஜெபம் வைக்கப்போகிறோம் என்று அவர்களிடம் சொல்லாமலே நான் தொடங்கிவிட்டேன். மூன்றாம் வாரம் பதினெட்டு ஜோடிச் செருப்புகள் திண்ணையை அடைத்துக் கிடந்தபோது, எண்பது வயதுக்கு மேற்பட்ட வீட்டுக்கார ஆச்சி வெளியே வந்து நின்று, "சாமி கும்பிடுறதுக்கு நான் வேண்டாம்னு சொல்லுவேனா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார்கள். அந்த வார்த்தையின் நியாயம் இன்றும் என்னை வருத்துகிறது. பின்னர் அவர்களே பின்வாசல் வழியைத் திறந்துவிட்டு, செருப்பு விட ஓர் இடமும் காட்டினார்கள். அவர்களுடைய பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்தும் வாரத்தில் நாங்கள் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் கூடி அமைதியாக ஜெபிப்பது வேறு, ஒரு கட்டடத்தைப் பொது வழிபாட்டு இடமாகக் கட்டுவதோ மாற்றுவதோ வேறு. பின்னதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவியிருப்பதால் உங்கள் ஊர் எதில் சேரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள், பந்தல் போடாதீர்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் அது கூடாது. பன்னிரண்டு பேர் அமரும் அறைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாங்கவே வேண்டாம்.

5. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். எல்லாரும் வாய் திறக்கட்டும்

எங்கள் கூட்டம் புதன்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். இரண்டு பாடல்கள், ஒரு சங்கீதம், ஒரு வேதபகுதி, அதைப் பற்றிய உரையாடல் இருபது நிமிடம், மீதி நேரம் ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தல். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளும் அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களும் இதற்கு மேல் தாங்க மாட்டார்கள்.

முதல் ஆறு மாதங்கள் நான் ஒருவனே பேசினேன், நான் ஒருவனே ஜெபித்தேன். போதகர் இல்லாத இடத்தில் இன்னொரு போதகரை உண்டாக்கிவிட்டேன் என்று என் மனைவி சொன்ன பிறகுதான், யார் யார் எந்த வாரம் நடத்துவது என்று ஒரு நோட்டில் முறைப்பட்டியல் எழுதினோம். பட்டியலில் பெண்கள் பாதிப்பேர் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஆண்கள் நடத்துவதும் பெண்கள் தேநீர் வைப்பதுமாக இருந்தால் ஆசாரியக்கூட்டத்தில் பாதி அடுப்படியில் இருக்கிறது என்று பொருள்.

இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்காவின் முறை வந்தபோது அவர் எழ மறுத்தார்; வாசிக்கத் தெரியாது என்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதத்தை வரி வரியாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். பிறகு கண்களை மூடாமல், மாவு காய்ந்து ஒட்டியிருந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்க எல்லாரையும் பாத்துக்கங்க. எதுத்த வீட்டு ஆச்சிக்கு மூட்டு வலி. அதையும் பாத்துக்கங்க. எனக்கு வேற தெரியாது" என்று ஜெபித்தார். எங்கள் நோட்டில் அந்த எதிர்வீட்டு ஆச்சியின் பெயர் அதுவரை இல்லை. சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காகவும் தேவனுடைய சந்நிதியில் நிற்பவனே ஆசாரியன் என்பதை நான் அன்று மாவு அரைக்கும் அந்த அக்காவிடம் கற்றேன்.

இரண்டு கண்ணிகளில் சிக்காதீர்கள். முதலாவது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிறர் வீட்டுக் கதை வெளியே போவது. சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பெயர் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். யாக்கோபு 5:16 சொல்லுகிறபடி ஒருவர் தம் குற்றத்தை உங்களிடம் அறிக்கையிட்டால் அது உங்கள் மனைவிக்கும் தெரியக் கூடாது. இரண்டாவது, விசேஷ அபிஷேகம் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டு வந்து, தாம் ஜெபித்தால்தான் கேட்கப்படும் என்று காணிக்கை கேட்பவர். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்லும்போது, அந்த இடத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருபவரை வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

6. செலவு

மிகக் குறைவு. நான்கு கோரைப்பாய், பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, பாட்டுப் புத்தகங்கள் ஆறு, ஒரு நோட்டு ஆகியவை தொடக்கச் செலவு. தேநீரும் சுண்டலும் வீட்டுக்கு வீடு மாறும். எங்களுக்கு ஒரு கூட்டத்துக்கு 150 ரூபாயைத் தாண்டியதில்லை. பலகாரம் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு விருந்தோம்பலைப் பார்த்து நாமும் போட்டி போடத் தொடங்கினால், வசதி குறைந்தவர்கள் தங்கள் வீட்டில் கூட்டம் வைக்கவே கூசுவார்கள். காணிக்கை எடுத்தால் இருவர் எண்ணி, எழுதி, அந்த மாதமே சபைப் பொருளாளரிடம் ரசீது வாங்குங்கள்.

7. நோயாளியைச் சந்திக்கப் போகும்போது

பார்வையாளர் நேரத்தில் மட்டும் போங்கள், இருவராகப் போங்கள், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். பொது வார்டில் செவிலியரிடம் கேட்ட பிறகே ஜெபியுங்கள். அதுவும் நோயாளி விரும்பினால், அவர் காதுக்கு மட்டும் எட்டும் குரலில். மருந்தை நிறுத்தும்படி எவருக்கும் எக்காலத்திலும் சொல்லாதீர்கள்.

8. மரணம் நேர்ந்த வீட்டில் முதல் மணி நேரம்

போதகருக்குச் செய்தி சொல்லுங்கள்; அவருக்காகக் காத்திராமல் தொடங்குங்கள். வீட்டில் மூத்தவரோ, குரல் நடுங்காமல் வாசிக்கக்கூடிய ஒருவரோ, உடலருகே அமர்ந்து சங்கீதம் 23, சங்கீதம் 90, யோவான் 14:1-3, 1 தெசலோனிக்கேயர் 4:13-18 ஆகியவற்றை நிதானமாக வாசிக்கட்டும். ஒரு சிறு ஜெபம் போதும். அழுகை வந்தால் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஒருவர் மாறி ஒருவர் ஒரு சங்கீதம் வாசியுங்கள். அடக்க ஆராதனையைப் போதகர் வந்து நடத்துவார். வரவே முடியாத நிலையில், அவர் சம்மதத்தோடு சபை மூப்பர் நடத்தலாம்.

ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஆவணங்களைக் கவனிக்க வேண்டும். மருத்துவரை அழைத்து இறப்பை உறுதிசெய்யும் சான்று வாங்குங்கள். இறந்தவருடைய ஆதார் அட்டை, தகவல் தருபவருடைய ஆதார் அட்டை, வீட்டு முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகர்ப்புறத்தில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவிலும் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது எல்லைகள் மாறியதால், உங்கள் தெரு இப்போது எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

கல்லறைத் தோட்டத்தின் அனுமதியில்தான் நான் சிக்கிக்கொண்டேன். காலை எட்டு மணிக்குச் சபைக் கமிட்டியில் ஒருவர் அம்மாவின் மாறுதல் கடிதத்தைக் கேட்டார். என்னிடம் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடிய அம்மா, பதிவேட்டில் இல்லாததால் இடம் உறுதியாக மதியம் ஒரு மணி ஆயிற்று. போதகர் வந்து பேசிய பிறகே குழி வெட்ட ஆள் போனது. கமிட்டி கேட்டதில் தவறில்லை, ஆனால் கேட்ட நேரமும் கேட்ட விதமும் எங்களை நொறுக்கிவிட்டன. அந்தக் காலையில் உங்களைத் தேடி வருபவர் எவராக இருந்தாலும், முதலில் உடலருகே அமர்ந்து ஜெபித்துவிட்டுப் பிறகு காகிதத்தைக் கேட்குமாறு உங்கள் சபையில் இப்போதே சொல்லி வையுங்கள். தோட்டத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, குழி வெட்டுபவர் யார், பெட்டி எங்கே கிடைக்கும், இவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்பவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

9. மற்ற ஆறு நாட்கள்

எங்கள் குழுவில் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வேலை அது. ஊறவைக்கும் நாட்களைக் குறைத்தால் கல் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் வாங்கியவர் வீட்டில் குறை தெரியும். அவசரமாகக் கேட்ட ஒரு வாடிக்கையாளரை இழந்தும் அவர் நாட்களைக் குறைக்கவில்லை. செங்காவி படிந்த அந்தக் கைகளோடு காணிக்கைத் தட்டைப் பிடிக்கக் கூச்சப்பட்டார். ரோமர் 12:1 கேட்கும் பலியை வாரம் முழுவதும் செலுத்திவிட்டு வருகிற கைகள் அவை என்று சொல்லித்தான் தட்டைக் கொடுத்தோம்.

நீங்களும் உங்கள் வேலையில் இதுபோன்ற ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கோப்பை வேண்டுமென்றே தாமதிக்காமல் நகர்த்துவது, எடையைச் சரியாக வைப்பது, கடன் கேட்டு வருபவரை நிற்க வைக்காமல் உட்காரச் சொல்வது என அது மிகச் சிறியதாகவே இருக்கும். உடன் வேலை செய்பவர்களில் ஐந்து பேரின் பெயரை எழுதி வைத்து நாள்தோறும் அவர்களுக்காக வேண்டுங்கள். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

10. மாறுதல் வரும்போது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

வேலைக்காக வந்த நாம் மூன்று, நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடுவோம். போவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே முறைப்பட்டியலை வேறொருவர் எழுதத் தொடங்கட்டும். கடைசி மாதம் நீங்கள் நடத்தாமல் பாயில் உட்கார்ந்திருங்கள். அந்த ஊரிலேயே இருப்பவரிடம் நோட்டைக் கொடுங்கள். உங்கள் குடும்பத்துக்கான மாறுதல் கடிதங்களையும் அப்போதே கேட்டு வாங்குங்கள், முதியோருக்குத் தனியாக. எங்கள் நோட்டு இப்போது மாவு அரைக்கும் அக்காவின் வீட்டில் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன் எழுதுகிறான்.